நான்கு அங்குலம் குறைந்த குடை

அத்தியாயம் 6

"அஞ்சு மணிக்குக் கமிட்டி கூடும். அஞ்சேகாலுக்குப் போலீஸ்ல புகார் போகும். அதுக்குள்ள நீங்க என்ன பார்க்கணுமோ பாருங்க," என்றார் மைதான மேலாளர்.

மணி ஒன்றே முக்கால்.

மடிப்பறையின் தகரக் கூரை காற்றில் தடதடத்துக்கொண்டிருந்தது. சுவர் ஆணிகளில் பாராசூட் பைகள் முதுகைக் காட்டித் தொங்கின. நீளமான மேஜையின் நடுவே, சீல் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு நீலத் துணி கிடந்தது.

சர்வேயர் உட்காரவில்லை. மேஜையைச் சுற்றி மூன்றாவது முறையாக நடந்தார். பன்னிரண்டு வருடம் இன்ஷூரன்ஸுக்காக எரிந்த கிடங்குகளையும் நசுங்கிய லாரிகளையும் அளந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். பழைய வேலையின் பெயர் மட்டும் அவரை விடவில்லை. அவருடைய உதவியாளர் சட்டக் கல்லூரியை மூன்றாம் வருடத்தில் விட்டவள். வாய் ஓயாததால் எல்லோருக்கும் அவள் வானொலி.

"இதுதான் அந்தப் பயங்கர ஆயுதமா?" என்றாள் வானொலி. "பார்க்கத் தலையணை உறை மாதிரி இருக்கு."

"பைலட் சூட்," என்றார் மேலாளர். "நாங்க குட்டிக்குடைன்னு சொல்லுவோம். குதிக்கிறவங்க முதல்ல இதைத்தான் காத்துல வீசுவாங்க. இது விரிஞ்சு பின்னால இருக்கிற நாடாவை இழுக்கும். அந்த நாடா முதுகுப் பையைத் திறந்து பெரிய குடையை வெளிய எடுக்கும்."

"இது விரியலேன்னா?"

"பெரிய குடை பையிலயே இருக்கும். ஆள் மட்டும் கீழ போயிட்டே இருப்பாங்க."

போன ஞாயிற்றுக்கிழமை காலை கேமராக்காரி அப்படித்தான் போனாள். தலைக்கவசத்தில் கேமரா மாட்டிக்கொண்டு, குதிப்பவர்களோடு குதித்து அவர்களைப் படம் எடுப்பது அவள் தொழில். குட்டிக்குடையை வீசினாள். அது பின்னால் ஆடிக்கொண்டே வந்தது. எதையும் இழுக்கவில்லை. ஆபத்துக்கென்று பையில் இருக்கும் மாற்றுக் குடையை அவள் திறந்தபோது தரை நெருங்கிவிட்டது. ஓடுபாதை ஓரத்து வேலியில் போய் விழுந்தாள். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் தப்பியது.

நேற்று அவளுடைய மாமியார் சர்வேயரின் அலுவலகத்துக்கு வந்தார். ஓய்வு பெற்ற தட்டச்சர். மூக்குக்கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒரே வாக்கியம் சொன்னார்: "என் மருமகளைக் கொல்லப் பார்த்தது யாருன்னு எனக்குத் தெரியணும்."

"அவங்க குட்டிக்குடை இருபத்தெட்டு அங்குலம்," என்றார் மேலாளர். "பதிவேட்டுல இருக்கு. விழுந்த பிறகு அளந்து பார்த்தோம். இருபத்து நாலு. யாரோ எடுத்துட்டுச் சின்னதை வெச்சிருக்காங்க. இந்த அறைச் சாவி ஒருத்தன்கிட்டதான் இருக்கு."

அந்த ஒருத்தன் ஜன்னலோரம் நின்றான். முப்பது வயதிருக்கும். மைதானத்தில் எல்லோருடைய பாராசூட்டையும் மடித்துக் கொடுப்பவன். அவனை மடிப்பு என்றே கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில்கூட அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

"விழுந்ததுக்கு முந்தின நாள் இங்க வந்து சண்டை வேற. குடை திறக்கும்போது கழுத்தே கழண்டு போகுது, நீ மடிக்கிற லட்சணம் அப்படின்னு அவங்க சத்தம் போட்டாங்க. இவன் பத்துப் பேர் முன்னால என்ன சொன்னான் தெரியுமா? நீயே சொல்லுப்பா."

மடிப்பு தரையைப் பார்த்தான்.

"நாளைக்கு மெதுவாத் திறக்கும் பாருங்கன்னான்," என்று மேலாளரே முடித்தார்.

"மடிக்கிற விதத்தை மாத்தறேன்னு சொன்னேன் சார். கோவத்துல வார்த்தை அப்படி வந்துடுச்சு."

"கோவத்துல வார்த்தை வர்றப்ப சாட்சி இருக்கான்னு பார்த்துக்கணும்," என்றாள் வானொலி. "எங்க வீட்டுல நான் அப்படித்தான் பொழைக்கிறேன்."

சர்வேயர் நடையை நிறுத்தினார். "மடிக்கும்போது நாலு அங்குலம் குறைஞ்சது உனக்குத் தெரியலையா?"

"ஞாயித்துக்கிழமையில நாப்பது மடிக்கிறேன் சார்."

அது பதில் இல்லை. சர்வேயர் அதைக் கவனித்தார். ஆனால் அப்போது கேட்கவில்லை.

"உறையைப் பிரிங்க."

"அது ஆதாரம்," என்றார் மேலாளர்.

"கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் கும்பிட அது என்ன கிரீடமா?" என்றாள் வானொலி. அதற்குள் சர்வேயர் சீலைக் கிழித்துவிட்டார்.

மேல்பாதி துணி, கீழ்ப்பாதி வலை. விரித்தால் ஒரு சிறு குடை. எல்லோரும் அதை வெளியில் வைத்து அளந்திருந்தார்கள். சர்வேயர் காலுறையைப் புரட்டுவதுபோல் அதை உள்பக்கம் வெளியாகப் புரட்டினார்.

உள்ளே, துணியும் வலையும் சேரும் இடத்தில், சுற்றிலும் இரண்டு அங்குலம் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. சின்னச் சின்னக் கொசுவம். ஒவ்வொன்றும் ஒரே அளவு. மடிப்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் துண்டு எட்டிப் பார்த்தது. நகத்தால் இழுத்தார். தயாரித்தவர்கள் தைத்த அளவுச் சீட்டு. இருபத்தெட்டு.

மேலாளர் குனிந்து பார்த்தார். நிமிர நேரமாயிற்று.

"இது அவங்களோடதேதான்."

"ஆமா. யாரும் எதையும் மாத்தி வைக்கல. இதையே சுருக்கியிருக்காங்க."

மடிப்பு முதல் முறையாக ஜன்னலை விட்டு வந்தான். துணியைத் தொடாமல், நடுவில் ஓடிய மெல்லிய நாடாவை மட்டும் விரலால் தூக்கினான். முகம் வெளுத்தது.

"இந்த நடு நாடாதான் உச்சியைக் கீழ இழுத்துப் பிடிக்கும். அகலத்தைக் குறைச்சா இதையும் அதுக்குத் தகுந்த மாதிரி குறைக்கணும். இது பழைய நீளம் சார். இப்படி இருந்தா குடையா விரியாது. காலுறை மாதிரி நீண்டுக்கிட்டு ஆடும்."

"இது உன் தையலா?"

"நாங்க சுருக்கறதா இருந்தா மிச்சத் துணியை வெட்டிடுவோம் சார். உள்ள விட்டு வைக்க மாட்டோம். கனம்."

"மாட்டிக்கக் கூடாதுன்னே இவன் வேற மாதிரி தைச்சிருக்கலாம்," என்றார் மேலாளர்.

"இருக்கலாம்," என்றார் சர்வேயர். அவர் கண் அந்த நடு நாடாவின் நுனியில் இருந்தது. அங்கே ஒரு ஸ்டேப்ளர் கம்பி. கம்பியில் அரிசி அளவுக்கு மஞ்சள் காகிதம் சிக்கியிருந்தது.

"வண்டியை எடு," என்றார் வானொலியிடம்.

வாசல் வரை போனவர் திரும்பினார். "மடிப்பு, இது எப்பவும் பையோடதானே இருக்கும்? தனியா எப்பக் கழட்டுவாங்க?"

"போன வாரம் வியாழக்கிழமை அவங்க சேத்துல இறங்கினாங்க. இதை மட்டும் கழட்டித் துவைக்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. ஞாயித்துக்கிழமை காலையிலதான் கொண்டு வந்தாங்க."

"இதை ஏன் முன்னமே சொல்லல?"

"யாரும் கேக்கல சார். எல்லாரும் சாவியைப் பத்தியே கேட்டாங்க."

*

வானொலி வண்டி ஓட்டுவது அவள் பேசுவதைப் போலவே இருக்கும். நிறுத்தம் கிடையாது.

"சார், ஒண்ணு புரியல. கொல்ல நினைக்கிறவன் எதுக்கு இவ்வளவு அழகாத் தைக்கணும்? என் கல்யாணத்துக்கே யாரும் இப்படிக் கொசுவம் வெச்சுத் தைக்க மாட்டாங்க."

"மிச்சத் துணியை ஏன் வெட்டல?"

"சோம்பேறித்தனம்."

"அத்தனை கொசுவமும் ஒரே அளவு."

அவள் ஒரு சிக்னல் தூரம் பேசாமல் வந்தாள். "போன வருஷம் நான் இளைச்சேன். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. பேன்ட்டைச் சுருக்கக் கொடுத்தேன். அந்தக் கடைக்காரர் உள்ள ரெண்டு அங்குலம் விட்டுத் தைச்சார். எதுக்குன்னு கேட்டேன். மறுபடி குண்டாவீங்கன்னார். அப்படியே ஆச்சு."

"அதுதான்."

"எது, நான் குண்டானதா?"

"பின்னால பெருசாக்க வேண்டியிருக்கும்னு நினைச்சுத் தைச்ச கை அது. கொல்ல நினைக்கிறவன் திரும்பிப் பிரிக்க வழி வைக்க மாட்டான்."

வானொலி வேகத்தைக் கூட்டினாள். "அப்போ பாராசூட் தெரிஞ்சவன் இல்ல. துணி தெரிஞ்சவன். நம்பர் சீட்டை ஸ்டேப்ளர்ல அடிக்கிறவன். ஆல்ட்ரேஷன் கடை."

"கேமராக்காரியோட வீட்டுக்குப் பக்கத்துல."

"வீட்டுக்குப் பக்கத்துலன்னா... சார், வியாழன்லேர்ந்து சனி வரைக்கும் அது வீட்டுலதானே இருந்துச்சு? வீட்டுல யார் யார்?"

சர்வேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. அவர் சொல்ல வேண்டியதே இல்லை. கேமராக்காரியின் கணவன் கப்பலில் வேலை செய்கிறான். நான்கு மாதமாகக் கடலில் இருக்கிறான். வீட்டில் மிச்சம் ஒரே ஆள்.

"கேஸ் கொடுத்தவங்களையே பிடிச்சுக் கொடுத்தா," என்றாள் வானொலி, "நம்ம கடைக்கு அப்புறம் யார் சார் வருவா?"

*

முதல் கடையில் சீட்டு வெள்ளை. இரண்டாவது கடையில் சீட்டே கிடையாது. எல்லாம் தன் ஞாபகத்தில் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஒரு வாடிக்கையாளர் வேறு யாருடைய கோட்டையோ போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மூன்றாவது, ஒரு மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் செருகியிருந்தது. ஒரு ஆள் அகலம். இரண்டு தையல் மெஷின்கள். கம்பியில் தொங்கிய எல்லாத் துணிகளிலும் மஞ்சள் சீட்டு.

தையற்காரர் வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தார். சர்வேயர் போனில் இருந்த படத்தைக் காட்டினார். அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வானொலிக்குப் பொறுமை போயிற்று. "எண்ணி வெக்கிறீங்களா?"

"ஒண்ணு குறைஞ்சா யார் வயித்துல இருக்குன்னு தெரியணும்ல." அவர் படத்தைப் பார்த்தார். "நான்தான் தைச்சேன். போன வெள்ளிக்கிழமை. கம்பி இல்லாத குடையான்னு கேட்டேன். ஆமான்னாங்க. நாலு அங்குலம் சுருக்கச் சொன்னாங்க. வழுக்கற துணி. ரெண்டு ஊசி உடைஞ்சுது. என்ன, தையல் விட்டுடுச்சா?"

"விடல. அருமையா இருக்கு," என்றார் சர்வேயர். "நடுவுல ஒரு நாடா இருந்துச்சே."

"இருந்துச்சு. அதை நான் தொடல. அகலத்தைத்தான் சுருக்கச் சொன்னாங்க. சொன்னதைச் செய்வேன். சொல்லாததைச் செஞ்சா சண்டைக்கு வருவாங்க."

"மிச்சத் துணி?"

"வெட்ட மாட்டேன். இன்னிக்குச் சின்னது வேணும்பாங்க, நாளைக்குப் பழையபடி வேணும்பாங்க. மருமகளுக்குச் சரியா வரலேன்னா கொண்டு வாங்க, பிரிச்சுத் தர்றேன்னு சொன்னேன்."

"மருமகளுக்கு," என்றாள் வானொலி.

"ஆமா. கண்ணாடியைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டிருப்பாங்களே, அந்த அம்மா. பத்து வருஷமா வர்றாங்க. அந்த வீட்டுப் பொண்ணு போடற பேன்ட், சட்டை எல்லாம் நம்ம கைதான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு எங்கயோ விழுந்துடுச்சாமே. இப்ப எப்படி இருக்கு?"

"பார்க்கத்தான் போறோம்," என்றார் சர்வேயர். மூன்றேகால்.

*

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்தது. சர்வேயர் படியில் ஏறினார். முன்பு ஒரு காலத்தில், தன்னைச் சேர்ந்த ஒருவரைப் பார்க்க, இதே போன்ற ஆஸ்பத்திரி லிஃப்டில் தினமும் போய் வந்தவர். வானொலிக்கு அது தெரியும். மூன்று மாடியும் பேசாமல் ஏறினாள்.

மாமியார் வராந்தா முனையில் குழாயடியில் ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் டம்ளரோடு வேகமாக வந்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"வியாழக்கிழமை உங்க வீட்டுக் கொடியில ஒரு நீலத் துணி காய்ஞ்சுதா?"

"ஆமா. அவளோட குட்டிக்குடை."

"தையல் கடைக்கு எடுத்துட்டுப் போனீங்களா?"

"போனேன். அதுக்கென்ன இப்போ?" அவர் டம்ளரை உதறினார். "அவதான் போன்ல யாருக்கோ சொல்லிட்டிருந்தா. இது பெருசா இருக்கு, அதான் வெடுக்குன்னு திறக்குது, சின்னது போட்டாக் கழுத்து தப்பிக்கும், புதுசு வர மூணு மாசம் ஆகும்னு. மூணு மாசம் அந்தக் கழுத்தை வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா? தினமும் தைலம் தேய்க்கிறவளுக்குத்தானே தெரியும், கல்லு மாதிரி இருக்கும்."

"அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கொடுத்தீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? பட்டன் போனாத் தைச்சு வைக்கிறேன். ஜிப் போனா மாத்தி வைக்கிறேன். ஒவ்வொண்ணுக்கும் மணி அடிச்சுக்கிட்டு இருப்பாங்களா? இஸ்திரி போட்ட துணியோட மடிச்சு வெச்சேன். அப்படியே பையில போட்டுக்கிட்டுப் போயிட்டா." அவர் குரல் கெட்டியானது. "அதை எடுத்துட்டு வேற ஒண்ணை வெச்சிருக்கான் அந்தப் படுபாவி."

வானொலி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"வேற எதையும் யாரும் வைக்கலம்மா," என்றார் சர்வேயர். "நீங்க சுருக்கினதுதான் அது."

மாமியார் புரியாமல் பார்த்தார்.

"அவங்க சொன்னது சரிதான். சின்னது போடலாம். ஆனா அகலத்தைக் குறைச்சா நடு நாடாவையும் குறைக்கணும். அது உங்களுக்குத் தெரியாது. தையற்காரருக்கும் தெரியாது. நாடா பழைய நீளத்துலயே இருந்துச்சு. குடை விரியல."

வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி போனது. அதன் ஒரு சக்கரம் வேறு பக்கம் இழுத்தது. தள்ளிப்போனவர் அதோடு சண்டை போட்டுக்கொண்டே கடந்தார். மாமியார் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ஒதுங்கிய இடத்திலேயே நின்றார்.

"ரெண்டு அங்குலம் போதுமான்னு கேட்டார் அந்தத் தையற்காரர்," என்றார். "நான்தான் நாலுன்னேன்."

வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, "இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"நாங்க ரெண்டு பேர்."

"சொல்லாம விட்டா?"

"அஞ்சேகாலுக்கு மடிப்பு மேல கொலை முயற்சின்னு புகார் போகும்."

மாமியார் டம்ளரைப் பார்த்தார். அதை எதற்குக் கழுவினோம் என்று மறந்துவிட்டவரைப் போல இருந்தது. பிறகு அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை.

கேமராக்காரி மல்லாந்து படுத்திருந்தாள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை கட்டு. அவள் தலையைத் திருப்புவதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"அந்தக் குட்டிக்குடையை நான்தான்மா—"

"தெரியும் அத்தை."

வாசலில் வானொலி சர்வேயரின் கையைப் பிடித்தாள்.

"என்ன தெரியும்?" என்றார் மாமியார்.

"நீங்கதான் தைக்கக் கொடுத்தீங்கன்னு. செவ்வாய்க்கிழமை மேலாளர் போட்டோ அனுப்பினார். ஸ்கேல் வெச்சு எடுத்தது. ஓரத்துல லேசாச் சுருக்கம் தெரிஞ்சுது. என் பேன்ட் எல்லாத்துலயும் அந்தச் சுருக்கத்தைப் பார்த்திருக்கேன்."

"செவ்வாய்க்கிழமை," என்றார் மாமியார். "இன்னிக்கு வெள்ளி."

"தெரிஞ்சா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு நினைச்சேன்."

"உடைஞ்சது உன் இடுப்பு. நான் நல்லாத்தான் நிக்கிறேன்." டம்ளரை மேஜையில் வைத்தார். சத்தம் பெரிதாகக் கேட்டது. "அந்தப் பையன் மேல எழுதப் போறாங்கன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

கேமராக்காரி கூரையைப் பார்த்தாள்.

"ஏம்மா, கேக்கறேன்ல."

"தெரியும்."

"என்னைக் காப்பாத்த ஊரான் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பியா?"

கேமராக்காரி அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மாமியார் கட்டிலைச் சுற்றிப் போய், சரிந்திருந்த போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டார். கோபம் அப்படியே இருந்தது. கை மட்டும் தன் வேலையைச் செய்தது.

"மேலாளருக்குப் போன் போட்டியா?" என்றார் சர்வேயர் வானொலியிடம்.

"மூணு தடவை. அணைச்சு வெச்சிருக்கார். கமிட்டின்னா அப்படித்தானாம்." அவள் சாவியை எடுத்தாள். "எல்லாரும் எல்லாருக்கும் நல்லதுதான் சார் பண்ணியிருக்காங்க. அதனாலதான் ஒருத்தன் ஜெயிலுக்குப் போறான்."

மாமியார் வெளியே வந்தார். கைப்பையை மாட்டியிருந்தார்.

"எவ்வளவு தூரம்?"

"அம்பது நிமிஷம்," என்றார் சர்வேயர்.

"நாப்பது," என்றாள் வானொலி.

*

ஐந்து மணி ஏழு நிமிடம். கமிட்டி அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மடிப்பு நின்றான். தலைவர் பழைய விமானி. ஒரு காது கேட்காது, அதனால் அறையே சத்தமாகப் பேசப் பழகியிருந்தது. அவர் கையில் பேனா இருந்தது. புகாரின் முதல் பக்கம் நிரம்பியிருந்தது.

மாமியார் கதவைத் தட்டவில்லை. உள்ளே போய் மேஜையின் காலி முனையில் நின்றார். கொடி, போன் பேச்சு, தையல் கடை, நாலு அங்குலம், இஸ்திரித் துணி. எல்லாவற்றையும் தட்டச்சு செய்வதுபோல் வரிசையாகச் சொன்னார். எதையும் விடவில்லை. எதற்கும் காரணம் தேடவில்லை. செவ்வாய்க்கிழமையைக்கூடச் சொன்னார்.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மேலாளர் மடிப்பைப் பார்க்காமலிருக்க முயன்றார். அறை சின்னது, முடியவில்லை.

"அப்போ இந்தப் பையன்மேல ஒண்ணும் இல்ல," என்றார் தலைவர்.

"இருக்கு சார்," என்றான் மடிப்பு.

சர்வேயர் தலையைத் திருப்பினார். மதியம் கிடைக்காத பதில் வந்துகொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை அவங்க அதைக் கொண்டு வந்து மேஜையில வெச்சாங்க. ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. கையில எடுத்ததுமே சின்னதா இருக்குன்னு தெரிஞ்சுது. என்னை நம்பாம வேற யார்கிட்டயோ மாத்திக்கிட்டு வந்திருக்காங்கன்னு நினைச்சேன். சரி, அவங்க இஷ்டம்னு மாட்டினேன். நாலு அடி தள்ளித்தான் ஷூ கட்டிட்டு இருந்தாங்க." அவன் நிறுத்தினான். "ஏங்க, இது என்னன்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

காற்று வேகமாக அடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

தலைவர் புகாரை நான்காகக் கிழித்தார். இன்னொரு தாளை எடுத்தார். "தெரிஞ்சும் கேக்காம மடிச்சதுக்கு மூணு மாசம் உன் உரிமம் நிறுத்தம்."

"சரி சார்," என்றான் மடிப்பு. மூச்சு விடக் கற்றுக்கொண்டவன் போல் இருந்தது அவன் குரல்.

"அவனுக்கு மூணு மாசம்னா எனக்கு எவ்வளவு?" என்றார் மாமியார். "என் பேரை எழுதுங்க."

தலைவர் நல்ல காதை அவர் பக்கம் திருப்பி, மறுபடி சொல்லச் சொன்னார். அவர் மறுபடி சொன்னார்.

"எங்ககிட்ட விமானிக்குப் படிவம் இருக்கு. குதிக்கிறவங்களுக்கு இருக்கு. மடிக்கிறவங்களுக்கு இருக்கு," என்றார் தலைவர். "மாமியாருக்கு இல்லம்மா."

வானொலி சிரிக்கவில்லை. அவளே அதில் ஆச்சரியப்பட்டாள்.

வெளியே படிக்கட்டில் மாமியார் மடிப்புக்காகக் காத்திருந்தார். அவன் வந்ததும் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பார்வையாளர் நேரம் ஏழு வரைக்கும் இருக்கு. வண்டியில ஏறு."

"நான் வந்தா அவங்களுக்குப் பிடிக்காதும்மா."

"பிடிக்காதுதான். ஏறு."

ஆறு நாற்பதுக்கு மூன்றாம் மாடி வராந்தாவில் நான்கு பேர் நின்றார்கள். கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. மடிப்பு கதவுக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டான்.

"என்ன சொல்லணும்னே தெரியல."

"எனக்கும் தெரியாமத்தான் போனேன்," என்றார் மாமியார். "நான் சொல்லியாச்சு. அவளும் சொல்லிட்டா. இனி நீதான் பாக்கி."

அவன் அசையவில்லை. உள்ளிருந்து குரல் வந்தது.

"யாரு?"

மாமியார் பதில் சொல்லவில்லை. சர்வேயரும் வானொலியும் சொல்லவில்லை. கேட்டவளுக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"நான்தாங்க," என்றான் அவன். "உள்ள வரலாமா?"